அடுத்த பீஸ் எது? பியானோ பழகும் வீடுகளுக்குச் சில குறிப்புகள்

கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கத்தில் வீட்டிலேயே பியானோ சொல்லிக்கொடுக்கிறேன். கவரைப்பேட்டை, பொன்னேரி, தேர்வாய்கண்டிகை என்று சுற்றுவட்டாரத்திலிருந்து பிள்ளைகள் வருகிறார்கள். திருவள்ளூரிலிருந்து இரண்டு பேர் சனிக்கிழமை மட்டும் வருவார்கள். ஐந்தாம் கிரேடு வரைக்கும் எல்லாம் ஒழுங்காக ஓடும். அதற்கு மேல்தான் சிக்கல். பரீட்சைக்கு மூன்று பீஸ். அந்த மூன்றையே எட்டு மாதம், பத்து மாதம் வாசித்துத் தேய்த்துவிட்டு, பரீட்சை முடிந்த மறுவாரம் பியானோவுக்குத் துணி போர்த்திவிடுகிறார்கள். விருந்தாளி வந்து "ஏதாவது வாசிம்மா" என்றால் பிள்ளை விழிக்கிறது. விரலில் வித்தை இருக்கிறது, வாசிக்கத்தான் பாட்டு இல்லை.

கூப்பிடு தூரத்தில் இசைப் புத்தகக் கடை இல்லாத ஊரில், ஐந்தாம் கிரேடிலிருந்து எட்டாம் கிரேடு வரை உள்ள பிள்ளைகளுக்குப் புது பீஸ் தேடித்தேடி நான் கற்றுக்கொண்டவை இவை. என்னிடம் வரும் பிள்ளைகளின் அம்மாக்கள் சொல்லிக்கொடுத்ததும் இதில் உண்டு.

1. தேடலைப் பட்டியலில் தொடங்காதீர்கள். பிள்ளை ஏற்கெனவே ஆசையாக வாசித்த ஒரு பீஸில் தொடங்குங்கள். அதன் அக்கம்பக்கத்திலேயே அடுத்தது இருக்கும். பர்க்முல்லரின் ஓபஸ் 100ல் உள்ள 25 பயிற்சிகளில் நாலைந்து பிடித்திருந்ததா? அவரே எழுதிய ஓபஸ் 109ல் 18 இருக்கின்றன. அதே மனசு, ஒரு படி கூடுதல் கஷ்டம். 'ஃபியூர் எலீஸ்' பிடித்தால் பீத்தோவனின் ஓபஸ் 119 பகடெல் தொகுப்பைத் திறங்கள். பதினொன்றும் குட்டிக் குட்டி. முதலாவதை ஆறாம் கிரேடுப் பிள்ளை இரண்டு வாரத்தில் பிடித்துவிடும். கிளெமென்டியின் ஓபஸ் 36 சொனாட்டினாக்கள் பிடித்தவர்கள் கூலாவின் ஓபஸ் 20, ஓபஸ் 55 வழியாக ஹைடன் சொனாட்டாக்களுக்குப் போகலாம்.

2. ஹெல்லர் என்ற பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். ஓபஸ் 47, 46, 45 என்று அவருக்கு மூன்று பயிற்சித் தொகுப்புகள். இதில் எண் குறையக் குறையக் கஷ்டம் கூடும். 46க்குத் தயாராக 47ஐயும், 45க்குத் தயாராக 46ஐயும் எழுதினார். இது தெரியாமல் 45ல் ஆரம்பித்துவிட்டு, "ஹெல்லர் நமக்கு ஆகாது" என்று மூடிவைத்தவர்கள் பலர். பயிற்சி என்று பெயர் இருந்தாலும் ஒவ்வொன்றும் மேடையில் வாசிக்கக்கூடிய பாட்டுதான்.

3. பரீட்சை வாரியத்தின் பழைய சிலபஸ் பட்டியல்களைத் தூக்கிப் போடாதீர்கள். ஏபிஆர்எஸ்எம், டிரினிட்டி இரண்டுமே சில வருடங்களுக்கு ஒருமுறை பட்டியலை மாற்றுகின்றன. பத்து வருடத்துக்கு முந்தைய ஆறாம் கிரேடு பட்டியலில் உள்ள பீஸ் இன்றைக்கும் ஆறாம் கிரேடு தரம்தான். இந்தப் பீஸ் என் பிள்ளை கைக்கு வருமா என்ற கேள்விக்கு, அனுபவசாலிகள் பலர் உட்கார்ந்து யோசித்துச் சொன்ன பதில் அந்தப் பட்டியலில் இலவசமாகக் கிடக்கிறது. நான் நான்கு கிரேடுகளுக்கும் பழைய பட்டியல்களைச் சேர்த்து ஒரு நீளக் கணக்கு நோட்டில் எழுதிவைத்திருக்கிறேன். புதுப் பிள்ளை வந்தால் முதலில் விரிப்பது அந்த நோட்டைத்தான்.

4. ஏபிஆர்எஸ்எம் பரீட்சைப் புத்தகத்தில் இருப்பது ஒன்பது பீஸ் மட்டும். பட்டியலில் அதைவிட எத்தனையோ அதிகம். புத்தகம் வாங்கியதோடு தேர்வு முடிந்ததாக நினைத்துவிடுகிறோம். புத்தகத்தில் இல்லாதவற்றில் பாக், ஸ்கார்லட்டி, ஷூமான் போன்றவர்களுடையதைக் காசு செலவில்லாமலே எடுத்துவிடலாம். எப்படி என்று 7வது குறிப்பில் சொல்கிறேன்.

5. பீஸைத் தேர்ந்தெடுக்கும் முன் கையை அளந்துவிடுங்கள். ஸ்கேலை மேசைமேல் வைத்து, கட்டைவிரல் நுனிக்கும் சுண்டுவிரல் நுனிக்கும் இடையே வலிக்காமல் எவ்வளவு விரிகிறது என்று பாருங்கள். பியானோவில் ஒரு ஆக்டேவ் ஏறக்குறைய 16.5 செ.மீ. கை விரிவு அதை ஒட்டியே இருந்தால், பக்கம் முழுக்க ஆக்டேவ் அடுக்கியிருக்கும் பீஸை இன்னும் ஒரு வருடம் தள்ளிவையுங்கள். பன்னிரண்டு வயதுப் பிள்ளை ராக்மனினாஃப் வேண்டும் என்று அடம்பிடிக்கும்போது இந்த அளவு உதவும். சின்னக் கைக்கு ஸ்கார்லட்டி பெரிய வரம். 555 சொனாட்டாக்கள் எழுதியிருக்கிறார். அவற்றில் ஆக்டேவை அதிகம் நம்பாமல் விரல் ஓட்டத்திலேயே ஜொலிப்பவை நிறைய.

6. ஐந்து நிமிடச் சோதனை: புது பீஸின் முதல் வரியைப் பார்த்து மயங்காதீர்கள். பெரும்பாலான பீஸ்கள் முதல் வரியில் சாதுவாகத்தான் இருக்கும். பக்கங்களைப் புரட்டி, கறுப்பு மை எங்கே அடர்த்தியாக இருக்கிறதோ அந்த நாலு பாரை எடுத்துப் பாதி வேகத்தில் வாசிக்கச் சொல்லுங்கள். ஐந்து நிமிடத்தில் தட்டுத்தடுமாறியாவது ஒரு உருவம் தெரிந்தால் எடுக்கலாம். கை எங்கே போகவேண்டும் என்றே புரியவில்லை என்றால் பென்சிலால் தேதி போட்டு அலமாரியில் வையுங்கள். ஆறு மாதம் கழித்து அதே நாலு பார். இப்படிக் காத்திருந்து பிடித்த பீஸின் ருசியே வேறு.

7. ஐஎம்எஸ்எல்பி என்ற பெட்ரூச்சி இசை நூலகம் 2006 முதல் இணையத்தில் இருக்கிறது. உரிமைக் காலம் முடிந்த பழைய இசைத் தாள்களை அங்கே யாரும் இறக்கிக்கொள்ளலாம். சந்தா கட்டாதவர்களைச் சில விநாடி காத்திருக்க வைக்கும், அவ்வளவுதான். ஒரே பாட்டுக்கு ஐந்தாறு பதிப்பு இருக்கும். முதலில் வருவதையே எடுத்துவிடாதீர்கள். இரண்டு மூன்றைத் திறந்து, விரல் எண் போட்டிருப்பதையும் தெளிவாக ஸ்கேன் ஆனதையும் பொறுக்குங்கள். பழைய பதிப்பாசிரியர்கள் தங்கள் இஷ்டத்துக்குப் பெடல் குறியும் லெகாட்டோ வளைவும் சேர்த்திருப்பார்கள். பாக்கின் பாட்டுத் தாளில் பெடல் குறி இருந்தால் அது அவர் போட்டதில்லை என்று பிள்ளைக்குச் சொல்லிவையுங்கள்.

இதில் நான் ஏமாந்த கதை ஒன்று. டிவோர்ஷாக்கின் ஸ்லாவோனிக் நடனம் ஒன்றை இறக்கி, இரண்டு பக்கமும் வருகிற மாதிரி பிரிண்ட் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். பிள்ளை உட்கார்ந்து வாசித்தால், முதல் பக்கம் முழுக்க அடிக்குரல், தாளைத் திருப்பினால் முழுக்க உச்சஸ்தாயி. ஒன்றும் ஒட்டவில்லை. அது நாலு கைக்கு எழுதியது. அந்த மாதிரித் தாள்களில் இடப்பக்கம் கீழே வாசிப்பவருக்கு, வலப்பக்கம் மேலே வாசிப்பவருக்கு. புத்தகமாக விரித்துவைத்தால்தான் பாட்டு. நானோ இரண்டையும் ஒரே தாளின் முன்னும் பின்னும் அச்சடித்திருந்தேன். தலைப்பில் 'நாலு கை' என்று இருக்கிறதா, 'எளிமைப்படுத்தியது' என்று இருக்கிறதா என்று பார்த்துவிட்டு பிரிண்ட் கொடுங்கள். பரீட்சைக்கு எடுக்கும் பீஸ் என்றால் பட்டியலில் எந்தப் பதிப்பு, எந்த வடிவம் சொல்லியிருக்கிறது என்றும் ஒப்பிட்டுவிடுங்கள்.

8. எதை இலவசமாக எடுக்கலாம் என்பதற்கு நம் நாட்டுச் சட்டத்தில் சுலபமான கணக்கு உண்டு. இசையமைத்தவர் காலமான ஆண்டு முடிந்து 60 ஆண்டுகள். பார்டோக் 1945லும், புரோகோஃபியெவ் 1953லும், பூலங்க் 1963லும் மறைந்தவர்கள். அவர்களுடைய இசை இந்தியாவில் பொதுச் சொத்து. ஷோஸ்டகோவிச், கச்சடூரியன், கபலெவ்ஸ்கி மூவரும் அப்படி இல்லை. அவர்களுடைய புத்தகத்தைக் காசு கொடுத்தே வாங்குங்கள். எழுதியவருக்கும் அச்சிட்டவருக்கும் சேரவேண்டியது சேரட்டும்.

9. கஷ்ட அளவு தெரியாத பீஸாக இருந்தால் ஜெர்மனியின் ஹென்லே பதிப்பகம் தரும் எண்ணைப் பாருங்கள். ஒன்று முதல் ஒன்பது வரை. மூன்று வரை சுலபம், நாலிலிருந்து ஆறு வரை நடுத்தரம், ஏழிலிருந்து மேலே கடினம். ஐந்தாம் கிரேடு தாண்டிய பிள்ளைகளுக்கு நான் நாலில் ஆரம்பிப்பேன்.

10. பிள்ளையின் கையில் எப்போதும் மூன்று தட்டு இருக்கட்டும். ஒன்று, மாதக்கணக்கில் மல்லுக்கட்டும் பெரிய பீஸ். இரண்டாவது, அதே கிரேடில் ஒரு மாதத்தில் முடிவது. மூன்றாவது, இரண்டு கிரேடு கீழே இறங்கி ஒரே வாரத்தில் முடிவது. இந்த மூன்றாவது தட்டைத்தான் பெற்றோர் மதிப்பதில்லை. "ஏழாவது போறவளுக்கு ஐந்தாவது பாட்டு எதுக்கு டீச்சர்?" என்று கேட்பார்கள். வாரம் ஒன்று என்றால் வருடத்துக்கு ஐம்பது பாட்டு. தாளைப் பார்த்த மாத்திரத்தில் வாசிக்கும் பழக்கம் இதில்தான் வரும். பரீட்சையில் சைட் ரீடிங் மதிப்பெண் தானாக ஏறும். விருந்தாளி வந்தால் வாசிக்கக் கைவசம் பாட்டும் இருக்கும்.

11. இந்தக் குறிப்புக்காகத்தான் நான் எழுதவே உட்கார்ந்தேன்.

என்னிடம் ஏழாம் கிரேடு படிக்கும் ஒரு பெண், அப்பா ரோலிங் மில்லில் ஷிஃப்ட் சூப்பர்வைசர். பரீட்சை முடிந்த சலிப்பில் இருந்தாள். எதைக் கொடுத்தாலும் "ம்" என்பாள். ஒருநாள் பீத்தோவனின் ஏழு வேரியேஷன்கள் அடங்கிய தாளை, தலைப்பை மடித்து மறைத்து, ஸ்டாண்டில் வைத்தேன். ஆதாரப் பாட்டு மட்டும் ஒரு பக்கம்கூட வராது. எட்டு பார் தாண்டியதும் கையை எடுத்துவிட்டாள்.

"மிஸ், இது எங்க பாட்டு கிளாஸ்ல வருது!"

"பாடு பார்ப்போம்."

பாடினாள். முத்துசுவாமி தீட்சிதரின் 'சந்ததம் பாஹிமாம்'. தாளில் இருந்தது, இங்கிலாந்து மன்னரை வாழ்த்தும் பாட்டின்மேல் பீத்தோவன் செய்த வேரியேஷன்கள், அவருடைய வரிசையில் டபிள்யூஓஓ 78. இரண்டுக்கும் மெட்டு ஒன்றே. தீட்சிதரின் தகப்பனார் ராமசுவாமி தீட்சிதர் குடும்பத்தோடு வந்து தங்கியிருந்தது மணலியில், முத்துகிருஷ்ண முதலியாரின் ஆதரவில். நம் ரயில் எண்ணூர் தாண்டித் திருவொற்றியூர் போகிறதே, அந்தப் பக்கத்து மணலிதான். முன்பு நம் திருவள்ளூர் மாவட்டத்தில் இருந்தது. அங்கே இருந்த காலத்தில் ஜார்ஜ் கோட்டை பேண்டு வாசித்த மேல்நாட்டு மெட்டுகளைக் கேட்டு, அவற்றுக்குச் சமஸ்கிருதத்தில் சாகித்தியம் செய்தார் முத்துசுவாமி தீட்சிதர். நோட்டுஸ்வரம் என்கிறோம். சுமார் நாற்பது கிடைத்திருக்கின்றன. எல்லாம் சங்கராபரணம், அதாவது பியானோக்காரர்கள் சொல்கிற மேஜர் ஸ்கேல்.

அதே மாதிரி 'ஸ்யாமளே மீனாட்சி'. நர்சரியில் நட்சத்திரப் பாட்டாகப் படித்த மெட்டுதான். அதே மெட்டில் மொஸார்ட் 12 வேரியேஷன் எழுதியிருக்கிறார், கே 265. பன்னிரண்டையும் வாசிக்க எட்டாம் கிரேடு கை வேண்டும். ஆறாம் கிரேடுப் பிள்ளைக்கு நான் ஆதாரப் பாட்டு, முதல் வேரியேஷன், இரண்டாவது, மைனருக்குப் போகும் எட்டாவது என்று நாலை மட்டும் கோர்த்துக் கொடுப்பேன். முதலாவதில் வலக்கை விடாமல் ஓடும், இரண்டாவதில் இடக்கை ஓடும். இரண்டு கைக்கும் சமமாக வேலை.

அந்தப் பெண் அன்று வீட்டுக்குப் போய் நோட்டுஸ்வரத்தைப் பாட, அவள் தம்பி பீத்தோவன் தாளில் உள்ள பாஸ் வரியை மட்டும் ஒற்றை விரலால் தட்டினானாம். மறுவாரம் இரண்டு பேருமாக வந்து வாசித்துக் காட்டினார்கள். அதற்குப் பிறகு ஏழு வேரியேஷனையும் அவளே தேடித்தேடி வாசித்துவிட்டாள். பாட்டு கிளாஸ் போகும் பிள்ளை உங்கள் வீட்டில் இருந்தால், அதன் பாட்டு நோட்டைப் புரட்டி நோட்டுஸ்வரம் எது எது இருக்கிறது என்று முதலில் பாருங்கள்.

12. நோட்டுஸ்வரத்தைப் பிள்ளையே பியானோவுக்கு அமைத்துப் பார்க்கலாம். வலக்கையில் மெட்டு. இடக்கையில் முதலில் ஸ, ப இரண்டை மட்டும் நீட்டிப் பிடிக்கட்டும். அடுத்த முறை அதையே உடைத்துத் துள்ளலாக. அதற்கடுத்து வால்ட்ஸ் மாதிரி ஒன்று-இரண்டு-மூன்று. மூன்றையும் தாளில் எழுதச் சொல்லுங்கள். டிரினிட்டி பரீட்சையில் சொந்தமாக இயற்றிய பீஸ் ஒன்றை வாசிக்க இடம் உண்டு. அந்தப் பக்கத்துக்கு நகர இது நல்ல ஒத்திகை.

13. தாளம் போடத் தெரிந்த பிள்ளைக்குப் பார்டோக்கைக் கொடுங்கள். 'மிக்ரோகாஸ்மோஸ்' ஆறு தொகுப்பு, 153 பீஸ், ஒன்றாம் எண்ணிலிருந்து படிப்படியாக ஏறும். நாலாம் தொகுப்பில் 113வது 'பல்கேரிய லயம்' ஏழு எண்ணிக்கை, 115வது ஐந்து எண்ணிக்கை. மேல்நாட்டுப் புத்தகங்கள் இந்த லயத்தைப் பக்கம் பக்கமாக விளக்கும். நம் பிள்ளையிடம் "இது கண்ட சாபு, அது மிஸ்ர சாபு மாதிரி, ஆனா கூறு மாறி வரும்" என்று சொல்லித் தொடையில் தட்டிக் காட்டினால் போதும். ஆறாம் தொகுப்பின் கடைசி ஆறு நடனங்களும் பல்கேரிய லயம்தான். எட்டாம் கிரேடு முடித்த பையன் ஒருவன், மிருதங்கம் கொஞ்சம் பழகியவன், 150வதைக் கையில் எடுத்து ஒரு மாதம் கீழே வைக்கவில்லை.

14. சென்னை தந்த பீஸ்களையும் தேடுங்கள். அமெரிக்க இசையமைப்பாளர் ஆலன் ஹோவனஸ் 1959-60ல் ஃபுல்பிரைட் உதவியில் இந்தியா வந்து கர்நாடக இசை படித்தவர். அவருடைய எட்டாவது சிம்பொனி 'அர்ஜுனா', 1960 பிப்ரவரியில் சென்னையில் ஹாண்டெல் மானுவேல் நடத்த அரங்கேறியது. பியானோவுக்கென்று அவர் எழுதிய 'மெட்ராஸ் சொனாட்டா' என்று ஒன்று உண்டு. நம் ஊர்ப் பெயர் சுமந்த சொனாட்டாவை நம் ஊர்ப் பிள்ளைகள் வாசிக்கவேண்டும் என்பது என் ஆசை. எட்டாம் கிரேடு தாண்டியவர்கள் முயலலாம். உரிமை இன்னும் முடியவில்லை, வாங்கித்தான் வாசிக்கவேண்டும்.

இன்னும் பழையது வேண்டுமா? சென்னைக்காரரான ஏ.எம். சின்னசுவாமி முதலியார், தியாகராஜர் கீர்த்தனைகளை ஸ்டாஃப் நொட்டேஷனில் எழுதி 1890களில் புதுப்பேட்டையில் அச்சிட்டார். கர்நாடக சங்கீதம் உலகம் முழுக்கப் படிக்கும் தாளில் ஏறவேண்டும் என்று உழைத்தவர். சுப்பராம தீட்சிதரை 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி' எழுதத் தூண்டியவர்களில் அவரும் ஒருவர். அந்தத் தாள்கள் பியானோவுக்கென்று அமைத்தவை இல்லை என்றாலும், மெட்டை வலக்கையில் பிடித்து 12வது குறிப்பில் சொன்னபடி இடக்கையை அமைக்கத் தோதானவை. கமகத்தைப் பியானோவில் கொண்டுவர முடியாது. ஆகவே அதிக அசைவில்லாத ராகமாகப் பார்த்து எடுங்கள்.

15. கும்மிடிப்பூண்டியிலிருந்து சென்ட்ரல் போக ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. அந்த நேரம்தான் பீஸ் தேட வாகானது. முதல்நாள் இரவே ஐந்து பீஸின் ஒலிப்பதிவையும் தாளையும் போனில் இறக்கிவையுங்கள். கவரைப்பேட்டை, பொன்னேரி தாண்டும்போது ஒன்று, மீஞ்சூர் வருவதற்குள் இரண்டாவது. காதில் கேட்டுக்கொண்டே கண்ணால் தாளைத் தொடரட்டும். அத்திப்பட்டு புதுநகரில் கூட்டம் ஏறுவதற்குள் மூன்று கேட்டுவிடலாம். இறங்கும்போது பிள்ளையின் வாய் எதை முணுமுணுக்கிறதோ அதை எடுங்கள். எது பிரபலம், எது பரீட்சைக்கு உதவும் என்பதெல்லாம் அப்புறம்.

ஒரே பீஸை இரண்டு பேர் வாசித்ததைக் கேட்க வைப்பதும் நல்லது. ஒருவரை மட்டும் கேட்டால் அவரையே நகல் எடுப்பார்கள்.

16. கிரீகின் 'லிரிக் பீஸஸ்' பத்துத் தொகுப்பு, 66 பீஸ். 1867ல் முதல் தொகுப்பு, 1901ல் கடைசி. முதல் பீஸ் 'அரியெட்டா' ஒரே ஒரு பக்கம்தான், ஐந்தாம் கிரேடுப் பிள்ளைக்குப் போதும். முப்பத்து நாலு வருடம் கழித்து, அறுபத்தாறாவது பீஸில் அதே மெட்டை வால்ட்ஸாக மாற்றித் தொகுப்பை முடித்திருக்கிறார். ஐந்தாம் கிரேடில் முதலாவதைக் கொடுத்துவிட்டு, இரண்டு வருடம் கழித்து ஒன்றும் சொல்லாமல் கடைசியை முன்னால் வையுங்கள். கண்டுபிடித்துவிடும் பிள்ளைகளின் முகத்தைப் பார்க்கவேண்டுமே!

17. மாதம் ஒரு பீஸ் என்று ஆசைப்படுபவர்களுக்குச் சைகோவ்ஸ்கியின் 'பருவங்கள்' இருக்கிறது. ரஷ்யப் பத்திரிகை ஒன்றுக்காக எழுதியது, 1876ல் மாதம் ஒன்றாக வெளிவந்தது. பன்னிரண்டும் ஒரே கஷ்டமில்லை. மார்ச்சும் அக்டோபரும் ஏழாம் கிரேடுக் கைக்கு வரும். பிப்ரவரி, நவம்பர் எல்லாம் பெரியவர்களுக்கு. அக்டோபர் அவர்களுக்கு இலையுதிர் காலம், நமக்கு வடகிழக்குப் பருவமழை. ஜன்னலில் மழை அடிக்கும்போது வாசித்துப் பாருங்கள், அதுவும் பொருந்தும்.

18. வீட்டில் 61 கீ கீபோர்டுதான் இருக்கிறதா? ஷோப்பானைத் தேடி ஏங்கவேண்டாம். பாக்கின் இரு குரல் இன்வென்ஷன்கள் பதினைந்தும் நாலு ஆக்டேவுக்குள் அடங்கும், பெடலும் தேவையில்லை. அழுத்தத்துக்கு ஏற்பச் சத்தம் மாறும் கீபோர்டாக இருந்தால் போதும். ஒரு வருடத்துக்கு வேலை இருக்கிறது.

19. நைட் ஷிஃப்ட் முடித்து அப்பா பகலில் தூங்கும் வீடுகள் இங்கே அதிகம். டிஜிட்டல் பியானோ என்றால் ஹெட்ஃபோன் போதும் என்பார்கள். கீ தட்டும் சத்தம் கீழ்வீட்டு மேற்கூரையில் டொக் டொக் என்று விழும். ஸ்டாண்டின் கால்களுக்கு அடியில் பழைய யோகா பாயைத் துண்டாக்கி இரண்டடுக்காகப் போடுங்கள். தூங்கும் நேரத்தில் புது பீஸை மெதுவாகப் படிப்பது, அப்பா எழுந்ததும் தெரிந்த பீஸை முழுச் சத்தத்தில் வாசிப்பது என்று பிரித்துக்கொண்ட ஒரு குடும்பத்தைப் பார்த்திருக்கிறேன். அந்த அப்பாவுக்கு ஷூமானின் 'குழந்தைப் பருவக் காட்சிகள்' பதின்மூன்றும் மனப்பாடம்.

20. பிரிண்ட் எடுக்க, தொழிற்பேட்டைப் பக்கம் இன்ஜினீயரிங் டிராயிங் போடும் ஜெராக்ஸ் கடைக்குப் போங்கள். ஏ3 தாளில் இரண்டு பக்கத்தைப் பக்கம் பக்கமாகப் போட்டுத் தருவார்கள். ஒரு பக்கம் மட்டும் அச்சடித்து, இரண்டு ஏ3ஐப் பின்புறம் டேப் ஒட்டினால் நாலு பக்கம் விரிந்து நிற்கும். நடுவில் தாள் திருப்பும் தொல்லை இல்லை. லேமினேஷன் வேண்டாம். விளக்கு வெளிச்சம் பட்டு எழுத்து தெரியாது, பென்சிலால் குறிக்கவும் முடியாது.

21. இரண்டு பிள்ளைகள் பழகும் வீட்டுக்கு நாலு கைத் தாள்களைவிட நல்ல பரிசு இல்லை. டயபெல்லியின் ஓபஸ் 149ல் மேல் பகுதி ஐந்து நோட்டுக்குள் அடங்கும். சின்னது அதை வாசிக்க, பெரியது கீழ்ப்பகுதி வாசிக்கலாம். இருவரும் வளர்ந்ததும் ஃபோரேயின் 'டாலி'. தாள் எடுக்கும்போது என் பிரிண்ட் கதையை மறந்துவிடாதீர்கள்.

22. சர்ச்சுக்குப் போகும் வீடானால், ஆராதனையில் கீபோர்டு வாசிப்பவரிடம் நாலு குரல் நோட்ஸ் போட்ட பாட்டுப் புத்தகத்தை ஒரு வாரம் இரவல் கேளுங்கள். தினம் ஒரு பாட்டு, ஒரே ஒரு முறை, நிறுத்தாமல். மூன்று மாதத்தில் கார்டுகள் கண்ணுக்கு எழுத்துக்கூட்டாமலே தெரியத் தொடங்கும்.

23. ஏபிஆர்எஸ்எம் 2020ல் கொண்டுவந்த பெர்ஃபார்மன்ஸ் கிரேடில், வீட்டிலிருந்தே வீடியோ எடுத்து அனுப்பலாம். நாலு பீஸ். மூன்று பட்டியலிலிருந்து, நாலாவது உங்கள் விருப்பம். தரம் மட்டும் அந்தக் கிரேடுக்குக் குறையக்கூடாது. இதுவரை சொன்ன தேடல் எல்லாம் அந்த நாலாவது இடத்துக்கு நேராக உதவும். ஆறாம் கிரேடிலிருந்து மேலே அவர்களிடம் போக, ஐந்தாம் கிரேடு தியரி அல்லது அதற்கு ஈடானது முடித்திருக்கவேண்டும். அதைக் கடைசி நிமிடத்தில் தெரிந்துகொண்டு ஒரு வருடம் இழந்த பிள்ளைகள் உண்டு. டிரினிட்டியில் அந்த நிபந்தனை இல்லை.

24. வருடத்துக்கு ஒரு தடவையாவது பிள்ளையை அண்ணா சாலையில் உள்ள மியூஸி மியூசிகலுக்கு அழைத்துப் போங்கள். 1842ல் மிஸ்குவித் என்ற பெயரில் தொடங்கிய கடை. புத்தகத்தைக் கையில் எடுத்துப் புரட்டிப் பார்க்கும் சுகம் போன் திரையில் இல்லை. போகும் முன் வாங்கவேண்டியதை இசையமைப்பாளர் பெயர், ஓபஸ் எண், பதிப்பகம் என்று எழுதி எடுத்துப் போங்கள். 'வால்ட்ஸ் ஏ மைனர்' என்று மட்டும் கேட்டால் ஷோப்பானிடமே ஒன்றுக்கு மேல் இருக்கிறது. பட்டியலில் இல்லாத ஒரு புத்தகத்தைப் பிள்ளை தானாகத் தேர்ந்தெடுக்கக் காசு ஒதுக்கிவையுங்கள். அட்டைப்படம் பார்த்து எடுத்தாலும் தடுக்காதீர்கள்.

25. நம் பக்கம் கடல் காற்று, பழவேற்காடு ஈரம், ஆலைத் தூசி மூன்றும் சேர்ந்தது. இசைத் தாள்களைச் சுவரோரம் அடுக்கினால் ஒரு மழைக்காலத்தில் மஞ்சள் படிந்து ஒட்டிக்கொள்ளும். மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டியில், மாத்திரை டப்பாக்களில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களைச் சேர்த்துப் போட்டு வையுங்கள். பெட்டியின் மேல் கிரேடு எழுதாமல் பிள்ளையின் பெயர் எழுதுங்கள். ஒவ்வொரு தாளின் மூலையிலும் பென்சிலால் தொடங்கிய தேதி, முதன்முதலாக நிறுத்தாமல் வாசித்த தேதி. போன வாரம் அந்த ரோலிங் மில் வீட்டுப் பெண் தன் பெட்டியைக் கொண்டுவந்து என் தரையில் கொட்டி, தம்பிக்கு எதிலிருந்து ஆரம்பிக்கலாம் மிஸ் என்று கேட்டாள். எண்ணிப் பார்த்தோம், அறுபத்து மூன்று தாள்.